ரெண்டு பெட்ரூம் வீட்டைக் கழுவ எத்தனை மணி நேரம்?

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, எஸ்டிமேட்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும்னு. "இது முடிக்க எத்தனை நாள் ஆகும்?"னு மேனேஜர் கேப்பார். நாம மனசுக்குள்ள மூணுன்னு நினைச்சு, வாயால அஞ்சுன்னு சொல்லுவோம். அவர் எக்செல்ல நாலுன்னு போட்டுக்குவார். கடைசியில எட்டு நாள் ஆகும். ஏன் எட்டு ஆச்சுன்னு பேச ஒரு மீட்டிங், அதுல அரை நாள் போகும் :-)

ஆனா இந்தப் பதிவு ஆணி புடுங்கறதைப் பத்தி இல்லைங்க. வீடு கழுவறதைப் பத்தி. அதுலயும், வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி செய்யற கடைசிக் கழுவலைப் பத்தி. இங்கிலாந்துல இதுக்கு எண்ட் ஆஃப் டெனன்சி கிளீனிங்னு ஒரு பேர். இதையே தொழிலா செய்யறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு காசுன்னு எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு கிட்டக்க இருந்து பாக்கற வாய்ப்பு 2025 அக்டோபர்ல எனக்குக் கிடைச்சுது. என் தொழில்ல நான் பாத்த பல எஸ்டிமேட்டை விட அது உருப்படியா இருந்துச்சு.

முதல்ல, எதுக்கு இவ்வளவு அலட்டல்னு சொல்லிடறேன். நம்ம ஊர்ல காலி பண்ணும்போது வெள்ளையடிக்கிற காசுன்னு சொல்லி அட்வான்ஸ்ல ஒரு தொகையைப் பிடிச்சுக்குவாங்க. பேரம் பேசலாம், சண்டை போடலாம், கடைசியில ஓனர் சொன்னதுதான். இங்கிலாந்துல வேற மாதிரி. 2007 ஏப்ரல்ல இருந்து டெபாசிட் பணத்தை ஓனர் தன் பாக்கெட்ல போட்டுக்க முடியாது. அரசாங்கம் அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டம் ஒண்ணுல, பணம் வாங்கின 30 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். தகராறு வந்தா அந்தத் திட்டமே இலவசமா பஞ்சாயத்து பண்ணும். அங்க போற தகராறுகள்ல முதலிடம் எதுக்குத் தெரியுமா? உடைஞ்ச கதவுக்கு இல்ல, வாடகை பாக்கிக்கும் இல்ல. சுத்தத்துக்குத்தான்.

நாங்க இருந்தது ரெடிங்ல ஒரு ஃப்ளாட். மாசம் 1300 பவுண்டு வாடகை. டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2019 ஜூன்ல வந்த டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் சொல்லுது (வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ இருந்தா). 1300-ஐ 12-ஆல பெருக்கி 52-ஆல வகுத்தா வாரத்துக்கு 300. அஞ்சு வாரத்துக்கு 1500 பவுண்டு. புது வீட்டு டெபாசிட்டை கைக்காசுல கட்டியாச்சு. இந்த 1500 திரும்பி வந்தாத்தான் தங்கமணி ஊருக்குப் போற டிக்கெட். அதனால எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

ஏஜென்ட்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்துச்சு. தொழில்முறைக் கம்பெனியை வச்சுத்தான் கழுவணும், ரசீது காட்டணும்னு. அதே 2019 சட்டப்படி அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. குடி வரும்போது எந்த அளவு சுத்தமா இருந்துச்சோ, அந்த அளவு சுத்தமா திருப்பிக் கொடுத்தா போதும். நாமே துடைச்சாலும் சரி, மாமியார் வந்து துடைச்சாலும் சரி. இதை மரியாதையா பதில் போட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வரல. ஆனாலும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, புது வீட்டுல பெட்டி பிரிக்கணும். ஆள் வச்சுப் பண்ணிடலாம்னு முடிவு பண்ணினோம்.

மூணு இடத்துல விலை கேட்டோம்.

முதலாவது ஒரு வெப்சைட். பெட்ரூம் எத்தனைன்னு கேட்டுச்சு. ரெண்டு. பாத்ரூம் எத்தனைன்னு கேட்டுச்சு. ஒண்ணு. உடனே 120 பவுண்டுன்னு பெரிய எழுத்துல பச்சைக் கலர்ல வந்துச்சு. அவன் கிளீனிங்கும் சேர்த்து. (அடுப்புக்குக் கீழ இருக்கிற அவன்ங்க. "அவனையும் சேர்த்துக் கழுவுவாங்களாம்"னு தங்கமணி என்னைப் பாத்துச் சொன்னதை இங்க எழுதப் போறதில்ல.)

ரெண்டாவது ஒரு நடுத்தரக் கம்பெனி. ஃபோன்ல பத்து கேள்வி கேட்டு, வாட் வரியோட சேர்த்து 320 பவுண்டுன்னாங்க.

மூணாவது, தங்கமணியோட ஆபீஸ் தோழி சொன்ன ஒரு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரங்க. அம்பது வயசிருக்கும். கூட ஒரு பொண்ணை வச்சுக்கிட்டு சொந்தமா இந்தத் தொழில் பண்றாங்க. ஃபோன்ல, "அக்கா, ரெண்டு பெட்ரூம், எவ்ளோ ஆகும்?"னு கேட்டேன். பதில் வந்துச்சு பாருங்க:

"தம்பி, எத்தினை அறை எண்டது பிறகு. எத்தினை வருஷம் சமைச்சனீங்கள் எண்டு முதல் சொல்லுங்கோ."

அந்த ஒரு கேள்வியிலயே எனக்கு ஆள் யாருன்னு புரிஞ்சுபோச்சு. மூணு வருஷம், தினமும் தாளிப்பு, வாரத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் காயும்னு உண்மையைச் சொன்னேன். "அப்ப பாக்காமச் சொல்லேலாது"ன்னு சொல்லி மறுநாள் சாயங்காலமே வந்துட்டாங்க.

வந்ததும் கேட்டது, "வரேக்க எடுத்த ரிப்போர்ட் இருக்கோ?" அதாவது செக்-இன் ரிப்போர்ட். குடி வரும்போது ஏஜென்ட் ஃபோட்டோவோட எழுதிக் கொடுக்கிற கணக்கு. லேப்டாப்ல திறந்து காட்டினேன். ஒவ்வொரு பக்கமா பாத்தாங்க. ஜன்னல்ல "தூசி உண்டு"ன்னு இருந்தா, அதை வைரம் மாதிரி மின்ன வைக்க வேண்டியதில்ல. அவன் "புதுசு போல"ன்னு இருந்தா, அங்க விட்டுக்கொடுக்க முடியாது. எங்க பாஷையில சொன்னா இதுதான் ரெக்வயர்மென்ட் டாக்குமெண்ட். வேலையோட அளவு வீட்டோட அளவு இல்ல. அன்னைக்கு இருந்த நிலைக்கும் இன்னைக்கு இருக்கிற நிலைக்கும் நடுவுல உள்ள தூரம்தான் வேலை. வெப்சைட் அந்தத் தூரத்தை ஒரு வார்த்தைகூடக் கேக்கல.

பாத்ரூம்ல குளியல் தொட்டி ஓரமா ஒட்டியிருக்கிற சிலிக்கான் பட்டையில கறுப்பு. அதை நகத்தால சுரண்டிப் பாத்துட்டு, "இது பூஞ்சணம் உள்ளுக்க போயிட்டுது. எந்த மருந்து போட்டாலும் வராது. மாத்தத்தான் வேணும். அழுக்கு எண்டா நான் எடுப்பன். கீறினது, ஊறினது எல்லாம் எடுக்கேலாது. இப்பவே சொல்லிப் போட்டன்"னாங்க. செய்ய முடியாததையும் எஸ்டிமேட்ல சொல்ற ஆளை நான் ஆபீஸ்ல அதிகம் பாத்ததில்ல.

அப்புறம் ஒரு பழைய டைரியைத் திறந்து நிமிஷக் கணக்கு எழுதினாங்க. கேட்டு நானும் எழுதி வச்சுக்கிட்டேன்:

சமையலறை அலமாரி, உள்ளயும் வெளியயும்: 50
அடுப்பு, சிம்னி, டைல்ஸ், மேடை, சிங்க்: 70
அவன்: 75
ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர்: 30
பாத்ரூம்: 90
ரெண்டு பெட்ரூம்: 80
ஹால்: 45
நடை, கதவு, ஸ்விட்ச், ஸ்கர்ட்டிங்: 40
ஜன்னல், உள்பக்கம்: 30
தரை, கடைசியா ஒரு சுத்துப் பார்வை: 30

மொத்தம் 540 நிமிஷம். ஒரு ஆள் செஞ்சா 9 மணி நேரம்.

இந்தக் கணக்கை ராத்திரி உக்காந்து பாத்தேன். சமையலறைக்கு மட்டும் 225 நிமிஷம். பாத்ரூமையும் சேத்தா 315. மொத்தத்துல 58 சதவீதம். ரெண்டு பெட்ரூமுக்கும் சேர்த்து 80 நிமிஷம், அதாவது வெறும் 15 சதவீதம். இந்தத் தொழில்ல பாதிப் பேர் பெட்ரூம் எண்ணிக்கையை வச்சு விலை போடறாங்க. நூத்துல பதினஞ்சைப் பாத்து மிச்சம் எண்பத்தஞ்சுக்கு விலை சொல்றது! ஸ்கிரீன் எண்ணிக்கையை வச்சு சாஃப்ட்வேருக்கு விலை சொல்ற மாதிரி.

விலை 255 பவுண்டுன்னாங்க. கொஞ்சம் குறைக்க முடியுமான்னு தங்கமணி கேட்டா. அக்கா கோவப்படல. "ஃப்ரிட்ஜை நீங்கள் ஐஸ் உருக்கித் துடைச்சு வையுங்கோ. ஜன்னலையும் துடையுங்கோ. ஒரு மணித்தியாலம் குறையும். 230 தாங்கோ." அவ்வளவுதான். மணிக்கான கூலியைக் குறைக்கல, வேலையைக் குறைச்சாங்க. எத்தனை வருஷமா எங்க சேல்ஸ் ஆளுங்களுக்கு இதைப் புரிய வைக்க முயற்சி பண்றோம்!

மிச்சம் 8 மணி நேர வேலை. ரெண்டு பேர் வந்தா 4 மணி நேரம்தானேன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "நாலரை எண்டு வையுங்கோ. பாத்ரூமுக்குள்ள ரெண்டு பேர் நிக்கேலாது தம்பி." ஆள் சேத்தா நேரம் அதே விகிதத்துல குறையாதுங்கிறதை ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-ல ஒரு புத்தகமா எழுதினார். எங்க காலேஜ்ல பரீட்சைக்கு வந்துச்சு. அக்காவுக்கு பாத்ரூம் சொல்லிக் கொடுத்திருக்கு.

இன்னொண்ணும் கேட்டேன். எல்லாம் நல்லா நடந்தா எவ்வளவு, சொதப்பினா எவ்வளவு? "குறைஞ்சது ஏழு. வழமையா எட்டு. அவன் கரைச்சல் குடுத்தா பதினொண்டு." எங்க தொழில்ல பெர்ட்னு ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958 வாக்குல உண்டாக்கினது. குறைஞ்சதையும், வழக்கத்தை நாலால பெருக்கினதையும், கூடினதையும் கூட்டி ஆறால வகுக்கணும். 7 + 32 + 11 = 50. ஆறால வகுத்தா 8 மணி 20 நிமிஷம். இதை மனசுல வச்சுக்கங்க.

கழுவற அன்னைக்குக் காலையில 9 மணிக்கு வந்தாங்க. நான் லீவு போட்டுட்டு ஹால் தரையில உக்காந்து லேப்டாப் மூடியிருந்தேன். வேலை பாக்கற ஒழுங்கு இருக்கே, அதுதான் பாடம். வந்ததும் அவன் கம்பித் தட்டுகளைக் கழட்டி ஒரு பெரிய பையில போட்டு மருந்து ஊத்தி ஊற வச்சாங்க. அவன் உள்ள மருந்தடிச்சாங்க. அதுல காஸ்டிக் சோடா இருக்கு, எண்ணெய்ப் பிசுக்கை சோப்பா மாத்திக் கரைக்கும், கையில பட்டா தோல் போயிடும். முழங்கை வரைக்கும் கையுறை. அடுத்து நேரா பாத்ரூம். ரெடிங் தண்ணி நம்ம போர் தண்ணி மாதிரி, சுண்ணாம்பு படியும். குழாய்லயும் கண்ணாடிக் கதவுலயும் சிட்ரிக் அமிலம் தடவி ஊற விட்டாங்க. அதுவரைக்கும் ஒரு துணிகூட எடுத்துத் தேய்க்கல.

"மருந்து தன்ர வேலையைச் செய்யட்டும், நாங்கள் எங்கட வேலையைச் செய்வம்"னு சொல்லிட்டு அக்கா அலமாரிக்கும், அந்தப் பொண்ணு பெட்ரூமுக்கும் போயிட்டாங்க. ஊற வேண்டிய நேரமும் உழைக்க வேண்டிய நேரமும் வேற வேற. ஊறற நேரத்துக்கு ஆள் தேவையில்ல. இதைத் தெரியாதவங்க அவன் முன்னாடி முட்டி போட்டு ஒண்ணரை மணி நேரம் சுரண்டுவாங்க. ஒரு விஷயத்துல மட்டும் ரொம்பக் கண்டிப்பு: ப்ளீச்சும் அமிலமும் ஒரே அறைக்குள்ள வரக்கூடாது. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு. அவசரப்பட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கிறவங்க மாட்டிக்கிற இடம் அது.

மத்தியானம் 1:20-க்கு முடிஞ்சுது. 4 மணி 20 நிமிஷம், ரெண்டு பேர். 8 மணி 40. சூத்திரம் சொன்னதுக்கும் நடந்ததுக்கும் 20 நிமிஷம் வித்தியாசம். அக்கா சொன்ன நாலரைக்கு 10 நிமிஷம் முன்னாடி. எங்க கம்பெனியில இப்படி ஒரு பிராஜெக்ட் முடிஞ்சிருந்தா கேக் வெட்டியிருப்போம்.

சரி, காசுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

230 பவுண்டு எங்க போகுது? டீ குடிச்சுக்கிட்டே அக்கா சொன்னதை வச்சு நான் போட்ட கணக்கு இது. கூட வந்த பொண்ணுக்கு மணிக்கு 14 பவுண்டு, வர்ற நேரத்தோட சேர்த்து 5 மணி நேரம், 70. அதுமேல விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம். சுமார் 78. மருந்து, துணி, பை 15. பெட்ரோல், பார்க்கிங் 20. மிச்சம் 117. அக்காவோட நேரம் எவ்வளவு? கழுவினது நாலரை. முதல் நாள் வந்து பாத்தது போக வர ஒரு மணி. கழுவற அன்னைக்குப் பயணம் ஒரு மணி. துணி துவைச்சு, ரசீது எழுதி, சாமான் வாங்க அரை மணி. மொத்தம் 7. 117-ஐ 7-ஆல வகுத்தா மணிக்கு 16 பவுண்டு 70 பென்ஸ் சொச்சம். அதுலதான் வரி, இன்ஷூரன்ஸ், காய்ச்சல் வந்து படுக்கிற நாள், ஏஜென்ட் குறை சொன்னா இலவசமா திரும்பி வர்ற நேரம் எல்லாம். பத்து வீட்டுக்கு ஒரு வீடு அப்படி வரும்னாங்க.

320 சொன்ன கம்பெனியையும் கொள்ளைன்னு சொல்ல முடியாது. 20 சதவீத வாட் எடுத்துட்டா 267. வருஷத்துக்கு 90,000 பவுண்டுக்குக் கீழ விக்கிற சின்ன ஆளுங்க வாட்டுக்குப் பதிவு பண்ண வேண்டியதில்ல. அதனாலதான் அக்காவோட பில்லுல அது இல்ல. உண்மையான வித்தியாசம் 37 பவுண்டு.

இப்ப அந்தப் பச்சைக் கலர் 120-ஐ எடுத்துக்குவோம். அதே வீடு, அதே எண்ணெய்ப் பிசுக்கு, அதே 8 மணி நேரம். மருந்துக்கு 15, பெட்ரோலுக்கு 20 போனா 85. மணிக்கு 10 பவுண்டு 60. இங்க 21 வயசுக்கு மேல உள்ளவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல்ல இருந்து 12.21, 2026 ஏப்ரல்ல இருந்து 12.71. நடுவுல இருக்கிற வெப்சைட் கால்வாசி கமிஷன் எடுக்குதுன்னு வச்சுக்கங்க, 30 பவுண்டு போச்சு. மிச்சம் 55. மணிக்கு 6.90.

இது எப்படி நடக்குதுன்னா, கழுவ வர்றவங்களை "சுயதொழில்"னு எழுதி வச்சுப்பாங்க. உண்மையாவே சுயதொழில் பண்றவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. வேலை நாலு மணி நேரத்துல முடிஞ்சா அவங்க அதிர்ஷ்டம். எட்டு மணி நேரம் ஆனா அவங்க தலையெழுத்து. ஏஜென்ட் குறை சொன்னா திரும்பி வர்றதும் அவங்கதான். ஆக அந்த விலைக்கு ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். ஒண்ணு, எட்டு மணி நேர வேலையை நாலு மணி நேரத்துல பூசி மெழுகிட்டுப் போவாங்க, என் டெபாசிட் போகும். இல்ல, எட்டு மணி நேரமும் உழைப்பாங்க, அவங்க கூலி போகும்.

அக்காகிட்ட அந்த விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அந்தக் காசுக்கும் ஆக்கள் போறவைதான் தம்பி. வந்த புதுசில நானும் போனனான். எட்டு மணித்தியால வேலை, நாலு மணித்தியாலக் காசு. பஸ்சுக்குக் குடுத்த காசு தனி."

எங்க தொழில்லயும் ஃபிக்ஸட் பிரைஸ் பிராஜெக்ட் உண்டு. கோடைத் திறந்துகூடப் பாக்காம யாரோ ஒருத்தர் மூணு மாசம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவார். நாம சனி, ஞாயிறு உக்காந்து அந்த மூணு மாசத்தை உண்மையாக்குவோம். ஆனா நமக்கு மாசக் கடைசியில சம்பளம் வந்துடும். தப்பான எஸ்டிமேட் நம்ம தூக்கத்தைத்தான் தின்னும். இவங்களுக்கு அது சாப்பாட்டைத் தின்னும். விலைன்னு நாம பாக்கிற அந்த எண்ணுக்குள்ள உழைப்பு மட்டும் இல்ல, எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாத சந்தேகமும் இருக்கு. அந்தச் சந்தேகத்தை யார் சுமக்கறாங்கங்கிறதுதான் 120-க்கும் 230-க்கும் உள்ள வித்தியாசம்.

ஏஜென்ட் என்ன சொன்னாங்கன்னு கேக்கறீங்களா? சுத்தத்துல ஒரு குறையும் இல்ல. அந்த சிலிக்கான் பட்டைக்கு மட்டும் 60 பவுண்டு கேட்டாங்க. அக்கா எடுக்கச் சொன்ன ஃபோட்டோவையும், "நிறம் மாறியிருக்கு"ன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருந்த செக்-இன் ரிப்போர்ட் பக்கத்தையும் அனுப்பினேன். அடுத்த மெயில்ல கைவிட்டுட்டாங்க. 1500-ம் வந்து சேந்துச்சு. தங்கமணிக்கு டிக்கெட் போட்டாச்சு.

காலி பண்ணப் போற மக்களுக்கு நாலு வரி. ஒண்ணு, செக்-இன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வைங்க, விலை கேக்கும்போதே அனுப்புங்க. ரெண்டு, அவன் உள்பக்கம், சிம்னி ஃபில்டர், குளியல் தொட்டி ஓரம் மூணையும் லைட் போட்டு ஃபோட்டோ எடுங்க. பெட்ரூம் ஃபோட்டோ யாருக்கும் வேணாம். மூணு, விலை கட்டுப்படி ஆகலைன்னா மணிக்கூலியில பேரம் பேசாதீங்க, எந்த வேலையை நாமே செஞ்சுக்கலாம்னு கேளுங்க. நாலு, வர்றது எத்தனை பேர், எவ்வளவு நேரம்னு கேட்டு, விலையை அந்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. வர்ற எண் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ இருந்தா, மிச்சக் காசை யாரோ கொடுக்கறாங்கன்னு அர்த்தம். கேட்டுப் பாருங்க, யாருன்னு தெரியும்.

பி.கு: மேடையில மஞ்சள் கறைக்கு என்ன பண்றதுன்னு தனியா ஒரு பதிவே போடலாம். சுருக்கமா: மஞ்சளோட நிறம் வெயில் பட்டா வெளுக்கும். ஜன்னலோர மேடைன்னா ஈரத்துணியால துடைச்சு ரெண்டு மூணு நாள் வெளிச்சம் பட விடுங்க. ரெடிங்ல வெயிலுக்கு எங்க போறதுன்னு மட்டும் பின்னூட்டத்துல கேக்காதீங்க :-)